சிறிய ஏரியில் படகும் தூண்டிலும்: நீர் பச்சையானதற்கு யார் பொறுப்பு?

கேள்வி
எழுதியவர்: கரையோரம்

வணக்கம். சிறிய ஏரி ஒன்றைப் பயன்படுத்துவோர் குழுவில் நான் ஓர் உறுப்பினன். ஏரியின் பரப்பு ஏறத்தாழ 12 ஹெக்டேர். நடுவில் மூன்றரை மீட்டர் ஆழம் இருக்கும். மற்ற இடங்களில் பெரும்பாலும் ஆளுயரம்தான். வடக்கே நீர்வரத்துக் கால்வாய், தெற்கே மதகும் கலங்கலும், மேற்குக் கரை நெடுகச் சம்பும் கோரையும் இருக்கின்றன. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை துடுப்புப் படகில் அமர்ந்து குனிந்து பார்த்தால், வேலம்பாசிக் கொடிகளுக்கிடையே கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்புவது தெரியும். இப்போது துடுப்பை நீரில் இறக்கினால் அதன் அலகு முழுதாக மூழ்குவதற்குள் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. நடு ஏரியில் வேலம்பாசி அறவே இல்லை. நீர், பச்சைச் சாயம் கரைத்தது போல இருக்கிறது.

சென்ற கோடையில் மூன்று நாள் மேகமூட்டமாக இருந்து, காற்றும் ஓய்ந்திருந்த ஒரு விடியற்காலையில், கெண்டையும் ஜிலேபியும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வெயில் ஏறுவதற்குள் நூற்றுக்கணக்கான மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. பெரிய மீன்களே மிகுதியாகச் செத்தன. விரால் ஒன்றுகூடச் சாகவில்லை. யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்ற பேச்சு அன்று மாலைக்குள் கரையெங்கும் பரவிவிட்டது.

இப்போது குழுவில் மூன்று கோரிக்கைகள் நிலுவையில் உள்ளன. படகு விடுவோர், தற்போதுள்ள இரண்டு மோட்டார் படகுகளோடு இன்னும் இரண்டைச் சேர்க்கவும், வண்டிப்பாதை போல நடுவே ஒரு வழி கிடைக்கும்படி மேற்குக் கரைச் சம்பை முழுவதும் வெட்டிவிடவும் கேட்கிறார்கள். தூண்டில்காரர்கள், செத்த மீன்களுக்கு ஈடாகக் குஞ்சுகளை இருமடங்காக விட வேண்டும் என்கிறார்கள். மூன்றாவதாக, களையைத் தின்று தீர்க்கப் புல்கெண்டை விடலாம் என்ற யோசனை இருக்கிறது. இதில் மட்டும் இரு தரப்பும் ஒன்றுபட்டிருக்கின்றன. மற்றபடி நீர் கெட்டதற்குப் படகே காரணம் என்று தூண்டில்காரர்களும், தூண்டிலே காரணம் என்று படகுக்காரர்களும் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் இரண்டையும் செய்பவன் என்பதால் இரு பக்கத்திலும் வசை வாங்குகிறேன்.

மீன் இறந்ததற்கு உண்மைக் காரணம் என்ன? இந்த மூன்று கோரிக்கைகளில் எதை ஏற்கலாம், எதைத் தள்ளலாம்? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1
எழுதியவர்: சேற்றுமட்டம்

நண்பரே, நீங்கள் தந்திருக்கும் விவரங்களிலேயே பாதி விடை இருக்கிறது. விடியற்காலை, மேகமூட்டம், காற்றின்மை, மேலே வந்து வாய் பிளந்த மீன்கள், முதலில் செத்த பெரிய மீன்கள், தப்பிய விரால்: இவை அனைத்தும் நீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனதன் அடையாளங்கள். நஞ்சு நேரம் பார்த்துக் கொல்வதில்லை. பெரும்பாலும் குஞ்சுகளையும் இறாலையும் நீர்ப்பூச்சிகளையும் சேர்த்தே கொல்லும். ஆக்சிஜன் குறையும்போது முதலில் திணறுவது உடல் பெருத்த மீன்கள்தாம். விராலோ செவுளை மட்டும் நம்பி வாழ்வதில்லை. மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடும் உறுப்பு அதற்கு உண்டு. ஆகவே, அது தப்பியதில் மர்மம் ஒன்றுமில்லை.

ஆக்சிஜன் ஏன் தீர்ந்தது என்பதே அடுத்த கேள்வி. 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். அதாவது கோடையில் கையிருப்பே குறைவு. பகலில் பாசி ஒளியைக் கொண்டு ஆக்சிஜனை உண்டாக்குகிறது. இரவில் அதே பாசியும் மீனும் அடிச்சேற்றின் பாக்டீரியாவும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. வரவு நின்று செலவு மட்டும் ஓடுவதால், கதிரவன் எழுவதற்குச் சற்று முன்புதான் இருப்பு அடிமட்டத்தைத் தொடும். மூன்று நாள் மேகம் என்றால் பகல் வரவும் குறைவு. காற்று இல்லையென்றால் மேற்பரப்பின் வழியாக வந்து சேருவதும் குறைவு. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலே பெரும்பாலான மீன்கள் திணறும். 2-க்குக் கீழே சில மணி நேரம் நின்றால் சாவு தொடங்கிவிடும். உங்கள் ஏரியில் அன்று நடந்தது இதுவே என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம்.

ஆனால் அந்த இரவை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. நீர் தெளிவாக இருந்த காலத்திலும் மேகமூட்டமான நாட்கள் வந்திருக்கும். அப்போது மீன் சாகவில்லை. இடையில் மாறியது பாசியின் அளவு. பாசி பெருகுவதற்குத் தேவையான சத்துகளில் ஏரிகளில் பெரும்பாலும் பற்றாக்குறையாக இருப்பது பாஸ்பரஸ். இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய சோதனை 1973-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்தது. இடுப்பு சிறுத்த உருவம் கொண்ட, 226 என்று எண்ணிடப்பட்ட ஓர் ஏரியை நடுவே திரையிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் இட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் பச்சையாகிவிட்டது. திரையின் இருபுறமும் இரு நிறத்தில் தெரியும் அந்த வான்படத்தைப் பார்த்த பிறகு வாதிடுவதற்கு அதிகம் இருக்காது.

சிறிய, ஆழமற்ற ஏரியில் இந்தப் பாஸ்பரஸின் பெரிய கிடங்கு நீரில் இல்லை, சேற்றில் இருக்கிறது. வரத்துக் கால்வாய் பல ஆண்டுகளாகக் கொண்டுவந்த மண்ணோடும் சாக்கடையோடும் உரத்தோடும் அது அடியில் படிந்திருக்கும். சேற்றின் மேற்பரப்பில் ஆக்சிஜன் இருக்கும் வரை, பாஸ்பரஸில் கணிசமான பகுதி இரும்போடு பிணைந்து அங்கேயே கிடக்கும். ஆக்சிஜன் தீர்ந்தால் பிணைப்பு அவிழ்ந்து நீரில் கரையும். பாசி அதை உண்டு பெருகும், செத்து அடியில் விழும், அழுகும்போது மறுபடியும் ஆக்சிஜனைத் தின்னும். வெளியிலிருந்து வரும் அழுக்கை இன்றே நிறுத்தினாலும், சேற்றில் சேர்ந்திருக்கும் சத்தே ஏரியைப் பத்தாண்டுகளுக்கு மேல் பச்சையாக வைத்திருக்கக்கூடும். ஆகவே, உங்கள் மூன்று கோரிக்கைகளையும் நான் ஒரே கேள்வியால்தான் அளப்பேன்: இது சேற்றை அடங்கிக் கிடக்க விடுமா, கிளப்பிவிடுமா?

இந்த அளவுகோலில் மேற்குக் கரைச் சம்பை வெட்டுவது மிக மோசமான யோசனை. ஆழமற்ற ஏரிகளுக்கு இரண்டு நிலைகள் உண்டு: செடி நிறைந்த தெளிந்த நீர், பாசி நிறைந்த கலங்கிய நீர். ஒவ்வொன்றும் தன்னைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளும். செடி இருந்தால் வேர் சேற்றைப் பிடிக்கும், தண்டு அலையை அடக்கும். நீர்த்தெள்ளு எனப்படும் கடுகளவுப் பிராணி பகலில் செடிகளுக்கிடையே சிறுமீன்களுக்கு ஒளிந்திருந்து, இரவில் வெளியே வந்து பாசியை மேயும். செடி போனால் இவை அனைத்தும் ஒருசேரப் போகும், நீர் கலங்கும், ஒளி அடியைத் தொடாததால் புதுச் செடியும் முளைக்காது. உங்கள் நடு ஏரி இரண்டாம் நிலைக்கு ஏற்கெனவே சென்றுவிட்டது. மேற்குக் கரைதான் முதல் நிலையில் மிஞ்சியிருக்கும் கடைசித் துண்டு. படகுக்கு வழி வேண்டுமென்றால் இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரே ஒரு தடம் வெட்டுங்கள். வெட்டியதை நீரில் விடாமல் கரையேற்றி, மழைநீர் மறுபடியும் ஏரிக்குள் அடித்து வராத தொலைவில் கொட்டுங்கள். களைக்கொல்லி தெளிப்பதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். அத்தனை செடியும் ஒரே வாரத்தில் அழுகினால் அந்த விடியற்காலை மீண்டும் வரும்.

புல்கெண்டை பற்றி இரு தரப்பும் ஒன்றுபட்டிருப்பதாகச் சொன்னீர்கள். எனக்கு அதுதான் அச்சமாக இருக்கிறது. அந்த மீன் செடியைத் தின்பது உண்மை; ஆனால் தின்றதில் பெரும்பகுதியைக் கழிவாக நீரிலேயே விடுகிறது. இவ்வளவு தின்றது போதும் என்று அதை நிறுத்தவும் வழியில்லை. முட்டைகள் மூழ்காமல் மிதந்து செல்ல ஓடும் நீர் தேவைப்படுவதால் தேங்கிய ஏரியில் அது இனம்பெருக்குவதில்லை என்பது ஒரு சிறிய ஆறுதல். ஆனால் விட்டவை பல ஆண்டுகள் வாழும். கலங்கல் நிரம்பி வழியும் நாளில் கீழே உள்ள ஆற்றுக்கும் போய்ச் சேரும்.

முதலில் அளந்து பாருங்கள். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தட்டை நான்கு கால்வட்டமாகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசி, அளவு குறித்த கயிற்றில் கட்டி, நடுப்பகலில் படகின் நிழற்பக்கம் இறக்குங்கள். தட்டு மறையும் ஆழமே உங்கள் ஏரியின் தெளிவு. இத்தாலிய வானியலாளர் ஏஞ்சலோ செக்கி 1865-இல் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கித் தொடங்கிவைத்த முறை இது. இன்றுவரை இதைவிட எளிய கருவி வரவில்லை. அதோடு, கையடக்க ஆக்சிஜன் மானி ஒன்றை இரவல் வாங்கி, விடிவதற்கு முன்பும் பிற்பகல் மூன்று மணிக்கும் அடிக்கு அருகில் அளந்து எழுதுங்கள். எண்களோடு வந்தால் இன்னும் உறுதியாகப் பேசலாம்.

மறுமொழி 2
எழுதியவர்: ஒற்றைத்துடுப்பு

நான் படகு விடுபவன். ஆகவே, படகுக்காரர்களுக்குப் பிடிக்காததை நானே சொல்வது முறை. மேலே சொன்ன அளவுகோலில் மோட்டார் படகு எங்கே நிற்கிறது என்பது வேகத்தையும் ஆழத்தையும் பொறுத்தது. மோட்டார் என்ற சொல்லைப் பொறுத்ததன்று.

ஆளுயர நீரில், படகின் பின்புறம் மாட்டும் வெளிப்பொறியின் விசிறி சுற்றும்போது, அது பின்னுக்குத் தள்ளும் நீர்த்தாரை சாய்வாகக் கீழே இறங்குகிறது. பத்துக் குதிரைத்திறன் பொறியே இரண்டு மீட்டர் ஆழம் வரை நீரைக் கலக்கிவிடும்; அடியில் இருப்பது மணலென்றால் உடனே படியும், மென்சேறென்றால் மணிக்கணக்கில் மிதக்கும். படகை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் திரும்பிப் பாருங்கள். வெண்ணுரை அடங்கிய பிறகு காப்பிநிறத்தில் ஒரு நாடா உங்கள் பாதை முழுவதும் எழுந்து வரும். அதை ஒருமுறை பார்த்தவர் அதன் மேல் இரண்டாம் முறை முழு வேகத்தில் போகத் தயங்குவார்.

அடுத்தது அலை. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். உயரம் இரட்டித்தால் கரையில் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். பலரும் எண்ணுவது போல உச்ச வேகத்தில் பெரிய அலை எழுவதில்லை. மெதுவாகப் போகும் படகு அணியம் தூக்கி, பின்புறம் அமுங்கி, நீர்மேல் ஏறி மிதக்கத் தொடங்குவதற்கு முன்பு ஓர் இடைநிலை உண்டு. அப்போது எழும் அலையே மிகப் பெரியது. 12 ஹெக்டேர் ஏரியில் படகு வேகமெடுப்பதற்குள் மறுகரை வந்துவிடும் என்பதால், உங்கள் படகுகள் பெரும்பாலான நேரம் அந்த இடைநிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். சிறிய ஏரியில் பெரிய பொறி வைப்பதில் வேறு எந்தப் பயனும் இல்லை, ஒலியைத் தவிர.

அந்த அலை எங்கே போய் முடிகிறது என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். முக்குளிப்பான் தன் கூட்டைத் தரையில் கட்டுவதில்லை. அழுகிய செடித்தண்டுகளை நீரின் மேல் குவித்து, சம்பின் ஓரிரு தண்டுகளில் சிக்கவைத்து, மிதக்கும் மெத்தையாக அமைக்கிறது. இரை தேடப் போகும்போது ஈரத் தழையை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். அப்போது பார்த்தால் குப்பைக் குவியல் என்றே தோன்றும். படகோட்டி விலகிப் போக வேண்டிய இடம் என்று அறிய வழியில்லை. இருபது மீட்டர் தொலைவில் போகும் ஒரு மோட்டார் படகின் நான்காம் ஐந்தாம் அலையில் அந்த மெத்தை ஒருபுறம் சரிந்து, வெளுத்த முட்டை ஒன்று நீரில் உருண்டு விழுந்ததை நான் துடுப்புப் படகிலிருந்து பார்த்திருக்கிறேன். படகோட்டியோ அதற்குள் வளைவைத் தாண்டிப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குத் தெரியாது.

ஆகவே, என் யோசனை: இரண்டு மீட்டர் ஆழக் கோட்டை அளந்து மிதவைகள் கட்டுங்கள். அதற்குள் மோட்டார் ஓடலாம், அதற்கு வெளியே துடுப்பு மட்டும். கரையிலிருந்து வெளியேறும் வரை நடை வேகம். பழைய இரட்டை வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) பொறிகள் தாம் குடிக்கும் எரிபொருளில் கால்பங்கு வரை எரிக்காமலே நீரில் துப்பக்கூடியவை. அவை உங்கள் ஏரியில் இருந்தால் முதலில் அவற்றை மாற்றச் சொல்லுங்கள். மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டார் இந்த அளவு ஏரிக்குப் போதும். தூண்டில் போடுவோருக்கும் அதன் ஓசையின்மை பிடிக்கும். மின்மோட்டாரும் ஆழமற்ற இடத்தில் சேற்றைக் கிளப்பும், ஆனால் குறைவாக.

இன்னொன்று. வேறு ஏரியிலிருந்து படகைக் கொண்டுவருபவர்கள், அடிமரத்தில் தேங்கிய நீரை வடித்து, ஒட்டிய செடியை நீக்கி, முழுதும் உலர்த்தி, பிறகே உங்கள் நீரில் இறக்க வேண்டும். வட அமெரிக்கப் பேரேரிகளில் 1980-களின் பிற்பகுதியில் கப்பல்கள் நிலையாக மிதப்பதற்காக ஏற்றிவரும் நீரோடு வந்து இறங்கிய வரிக்குதிரைச் சிப்பி, அங்கிருந்து நூற்றுக்கணக்கான உள்நாட்டு ஏரிகளுக்குப் பரவியதில் இழுவை வண்டிகளில் ஏற்றிச் சென்ற சிறு படகுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகாயத்தாமரையின் ஒரு துண்டு போதும். ஏற்ற சூழலில் இரண்டு வாரத்தில் அது இருமடங்காகும். லைஃப் ஜாக்கெட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஆளுயர நீர்தானே என்று அணியாமல் போகாதீர்கள். மென்சேற்றில் கால் புதைந்தவருக்கு ஆளுயரம் என்பது ஆழமான நீர்தான்.

மறுமொழி 3
எழுதியவர்: தக்கை

ஐயா இருவரும் தூண்டில்காரர்களை விட்டுவிட்டீர்கள். நான் நாற்பது ஆண்டுகளாகத் தூண்டில் போடுகிறேன். எங்கள் பங்கை நானே எழுதிவிடுகிறேன்.

மீனை ஒரே இடத்தில் கூட்டுவதற்காகத் தவிடும் மாவும் உருட்டி வீசுகிறோம். இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு கிலோ அரிசித் தவிட்டில் ஏறத்தாழ 15 கிராம் பாஸ்பரஸ் இருக்கும். ஒரு கிலோ மீனின் உடலில் 5 கிராம் அளவுக்கு இருக்கும். ஆக, ஒரு கிலோ தவிட்டை வீசியவர் மூன்று கிலோ மீனைக் கரையேற்றிக் கொண்டுபோனால்தான் ஏரியின் கணக்கு நேராகும். பிடித்ததை மீண்டும் நீரில் விடுபவர் என்றால் வீசியது முழுவதும் வரவுதான். வாரந்தோறும் இருபது பேர் ஆளுக்கு இரண்டு கிலோ வீசினால் ஆண்டு முடிவில் எத்தனை கிலோ பாஸ்பரஸ் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். முப்பது கிலோவைத் தாண்டும். ஒரு கிலோ பாஸ்பரஸ் சில நூறு கிலோ ஈரப்பாசியை வளர்க்கவல்லது. இந்தக் கணக்கைப் போட்ட நாளிலிருந்து நான் கைப்பிடியளவுக்கு மேல் வீசுவதில்லை. மீன் கடிப்பதில் பெரிய வேறுபாடும் தெரியவில்லை.

ஆனால் சேற்றுமட்டம் அவர்களோடு ஓரிடத்தில் நான் மாறுபடுகிறேன். சேற்றைக் கிளப்புவது படகு மட்டும் என்பது போலப் படிப்பவர்களுக்குத் தோன்றலாம். படகு பகலில் சில மணி நேரம் ஓடும். சாதாக் கெண்டை இரவும் பகலும் அடியைத் தோண்டும். மூக்கைச் சேற்றில் புதைத்து, வாய் நிறைய அள்ளி, புழுவைப் பிரித்துக்கொண்டு மண்ணைச் செவுள் வழியாக வெளியேற்றுவது அதன் இயல்பு. செடியும் வேரோடு பெயர்ந்துவிடும். நான் தூண்டில் போட்ட வேறொரு சிறு ஏரியில் அதை வேண்டுமளவு விட்டார்கள். நானும் கையெழுத்திட்டவன் என்பதால் பழியை வேறு எவர் மேலும் போட மாட்டேன். முதல் இரண்டு ஆண்டுகள் தக்கை நீரில் நின்றால் மறு நிமிடம் மூழ்கும் அளவுக்கு மீன். மூன்றாம் ஆண்டு நீர் செம்மண் நிறமானது. நான்காம் ஆண்டு எல்லா மீனும் சாண் நீளத்தில் நின்றுவிட்டன. தலை பெருத்து, உடல் மெலிந்து, இரை போதாமல் கிடந்தன. ஆகவே, குஞ்சு இருமடங்கு என்ற கோரிக்கையைத் தயக்கமின்றித் தள்ளுங்கள். மீன் செத்தது எண்ணிக்கை குறைவால் அன்று. ஆக்சிஜன் பற்றாத வீட்டுக்கு விருந்தாளிகளை இருமடங்காக அழைப்பது எந்த வகை நியாயம்?

மாறாக, விராலைக் காப்பாற்றுங்கள். அது சிறுமீனைத் தின்னும். சிறுமீன் குறைந்தால் நீர்த்தெள்ளு தழைக்கும். நீர்த்தெள்ளு தழைத்தால் பாசி குறையும். இந்தச் சங்கிலி எல்லா ஏரியிலும் பாடப்புத்தகத்தில் உள்ளபடி வேலை செய்வதில்லை, ஆனாலும் எதிர்த்திசையில் போவதற்கு எந்தக் காரணமும் இல்லை. கரையோரச் செடிகளுக்கு நடுவே வட்டமாகச் சற்று வெளியான இடத்தில் மஞ்சள் முட்டைகள் மிதந்தாலும், சிவந்த குஞ்சுகள் பந்தாகத் திரண்டு ஒருசேர மேலே வந்து காற்றை விழுங்கிப் போனாலும், கீழே தாயோ தந்தையோ காவல் நிற்கிறது என்று பொருள். அந்தக் குஞ்சுப் பந்தின் நடுவில் தவளையை வீசினால் காவல் மீன் பசிக்காகக் கடிப்பதில்லை, விரட்டுவதற்காகக் கடிக்கும். பிடிப்பது மிக எளிது. அதனாலேயே அது ஆண்மையான விளையாட்டன்று என்று என்னோடு வரும் இளைஞர்களிடம் சொல்வேன். காவலை எடுத்துவிட்டால் சில மணி நேரத்தில் மற்ற மீன்கள் குஞ்சுகளை முடித்துவிடும்.

அறுந்த நரம்பைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும், ஈயக்குண்டுக்குப் பதில் எஃகுக் குண்டு போட வேண்டும் என்பதையும் விதியாகவே எழுதிவிடுங்கள். நீர்ப்பறவைகள் இரையை அரைப்பதற்காகப் பொறுக்கும் சரளைக்கல்லோடு ஈயத்தையும் விழுங்கிச் சாகின்றன. பிரிட்டனில் அன்னங்கள் இப்படிச் செத்ததைக் கண்டு, 1987-இல் பெரும்பாலான அளவு ஈயக்குண்டுகளின் விற்பனைக்குத் தடை விதித்தார்கள். அதன்பின் அன்னங்களின் எண்ணிக்கை மீண்டது. விடப்போகும் மீனை ஈரக்கையால் பிடியுங்கள். முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் தோண்டாமல் நரம்பை வாயோரம் வெட்டுங்கள். கோடை நண்பகலில் பிடித்து விட்ட மீன் நீந்திப் போனாலும் பிழைக்கும் என்று நம்ப வேண்டாம். அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்கே தூண்டிலைச் சுருட்டிவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: கரையோரம்

மூவருக்கும் நன்றி. தட்டுச் செய்து அளந்தேன். ஆக்சிஜன் மானியும் இரவலாகக் கிடைத்தது. விடுமுறை நாள் ஒன்றில், படகு ஓடத் தொடங்கும் முன் வடக்கு ஆழமற்ற பகுதியில் தட்டு 55 சென்டிமீட்டரில் மறைந்தது. மாலை படகுகள் நின்ற பிறகு 30. மறுநாள் காலை மீண்டும் 50. நடு ஏரியில் காலையும் மாலையும் 60-தான், மாற்றமில்லை. மேற்கே சம்புக்கு நடுவே உள்ள சிறு திறப்பில் தட்டு மறையவே இல்லை. 90 சென்டிமீட்டரில் அடியைத் தொட்டுவிட்டது. நடு ஏரியில் அடிக்கு அருகே ஆக்சிஜன் விடிவதற்கு முன் 2.6, மேல்மட்டத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு 13 மில்லிகிராம். மானி பழுதோ என்று மூன்று முறை அளந்தேன். இவற்றை எப்படிப் படிப்பது?

மறுமொழி 4
எழுதியவர்: சேற்றுமட்டம்

மானி சரியாகவே இருக்கிறது. 13 என்பது அந்த வெப்பத்தில் நீர் இயல்பாகத் தாங்கும் அளவைவிட மிக அதிகம். பாசி உச்ச வெயிலில் தயாரித்துக் குவித்த மிகையே அது. ஒரே நாளில் பிற்பகலில் மேலே 13-ஐயும் விடியலில் அடியில் 2.6-ஐயும் காட்டும் ஏரி, ஒரு மேகமூட்டமான நாளில் விளிம்பைத் தாண்டிவிடும்.

தெளிவு எண்களில் இரண்டு வேறு நோய்கள் தெரிகின்றன. வடக்கே காலை 55, மாலை 30, மறுநாள் 50 என்பது படகு கிளப்பிய சேறு, இரவில் படிகிறது. ஆகவே, அங்கே ஒற்றைத்துடுப்பு சொன்ன மிதவைக் கோடு உடனே பயன் தரும். நடு ஏரியில் மாறாமல் நிற்கும் 60 என்பது பாசி. படகை இன்றே நிறுத்தினாலும் அந்த எண் இந்த ஆண்டு நகராது. படகுக்காரர்கள் இதை உங்கள் மேல் திருப்பிச் சொல்வதற்கு முன் நீங்களே கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். சம்புக்கு நடுவே அடி தெரிகிறது என்பதுதான் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த செய்தி. அங்கே அடியில் வேலம்பாசியின் துண்டு ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சம்பின் விளிம்பை ஒட்டி வெளிப்பக்கம் சில இடங்களில் மூங்கில் தட்டி அடித்து, மீனும் அலையும் புகாத சிறு அடைப்புகளுக்குள் அதை நட்டுப் பார்க்கலாம். தக்கை அவர்கள் கெண்டையைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அடைப்பு தேவைப்படுவதே அதனால்தான்.

இந்தக் கோடைக்கு மட்டும் உயிர்காக்கும் ஏற்பாடு ஒன்று வேண்டும். காற்றூட்டி ஒன்றை நள்ளிரவிலிருந்து சூரியன் நன்றாக ஏறும் வரை ஓட்டுங்கள். பகலில் ஓட்டுவது வீண் செலவு. அதன் குழாயைச் சேற்றின் மேல் கிடத்தாமல் அரை மீட்டர் உயர்த்தி வையுங்கள். இல்லையென்றால் நாமே இன்னொரு மோட்டார் படகாகிவிடுவோம். நீரின் மேல் பச்சை வண்ணம் ஊற்றியது போலப் படலம் திரண்டால், அது நச்சு சுரக்கும் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அந்நாட்களில் குளிப்பதையும் கால்நடைகளும் நாய்களும் குடிப்பதையும் தடுத்துவிடுங்கள்.

இன்னும் ஓர் அளவு பாக்கி இருக்கிறது. அதுவே மிக முக்கியமானது. நோய் எங்கிருந்து வருகிறது என்பதை ஏரிக்குள் நின்று அறிய முடியாது. முதல் பெருமழை பெய்யும்போது, வரத்துக் கால்வாயில் புது நீர் வரத் தொடங்கிய முதல் அரைமணிக்குள் ஒரு குப்பியும், ஒரு மணி நேரம் கழித்து ஒன்றும், மறுநாள் ஒன்றும் எடுத்து, குளிரில் வைத்து, மொத்தப் பாஸ்பரஸுக்காக ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். குப்பியைச் சோப்பால் கழுவாதீர்கள்; அதே நீரில் மூன்று முறை அலசினால் போதும்.